உள்ளே விடியும் நேரம்

செத்துப்போனவனின் கடிகாரத்துக்கு அன்று காலையும் மஜீதாதான் சாவி கொடுத்தாள்.

கண்ணைத் திறந்துகொண்டு கொடுத்தாலும் மூடிக்கொண்டு கொடுத்தாலும் ஒன்றுதான். அந்த அறைக்குள் அப்படி ஓர் இருட்டு. முன்பு இரும்புச் சாமான் அடுக்கி வைத்திருந்த அறை. ஜன்னல் கிடையாது. கதவிடுக்கில் பழந்துணி அடைத்து, அதன் மேல் கருப்புக் கம்பளி இரண்டு மடிப்பாகத் தொங்கியது. கடிகாரம் மட்டும் டிக் டிக்கென்று அடித்துக்கொண்டிருக்கும். சாவி கொடுக்கும்போதெல்லாம் பக்கத்தில் யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பதுபோல் அவளுக்குத் தோன்றும். தோன்றட்டும் என்று விட்டுவிடுவாள்.

திருச்சி பெரிய கடை வீதிக்குப் பின்னால் இருக்கும் கியாசுதீன் ராவுத்தர் வீட்டுக்குள் வாராவாரம் நம்மோடு நுழைந்தவர்களுக்கு இந்த அறை பழகியிருக்கும். இன்றுதான் வாசல்படி ஏறுகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை சொல்லிவிடலாம். ராவுத்தருக்கு இரும்புக்கடை. ஒரே மகன் பஷீர் அகமது கடைப் பக்கமே எட்டிப் பார்க்காமல் ஒரு கல்லூரியில் தாவர இயல் சொல்லிக்கொடுக்கப் போனான். போன மாதம் டைபாய்டு காய்ச்சல் அவனைக் கொண்டுபோய்விட்டது. அவன் மனைவி மஜீதா இத்தாவில் இருக்கிறாள். நாலு மாதம் பத்து நாள் வெளி ஆண்கள் கண்ணில் படாமல், வெள்ளைச் சேலையோடு ஒரே அறையில் இருக்க வேண்டும். அந்த அறைக்குள்ளிருந்துதான் இந்த இருட்டறைக்கு வழி.

இருட்டறையில் ஒரு மண்தொட்டி. தொட்டியில் ஒரு புளியங்கன்று. அதன் ஓர் இலைக்காம்பில் மெல்லிய நூல் கட்டி, நூலை ஒரு துடைப்பக் குச்சியில் முடிந்து, குச்சியின் நுனியில் ஊசி வைத்திருந்தான் பஷீர். பக்கத்தில் ஒரு பால்பவுடர் டின். அதைச் சுற்றி விளக்குக் கரி பிடித்த தாள். டின்னைக் கடிகாரம் மெதுவாகச் சுற்றும். இலை அசைந்தால் குச்சி அசையும். குச்சி அசைந்தால் கரித்தாளில் ஊசி வெள்ளைக் கோடு கிழிக்கும். இவ்வளவுதான் சூத்திரம்.

புளிய இலை இரவில் கூம்பும், விடிந்தால் விரியும் என்பது ஆடு மேய்க்கிறவனுக்கும் தெரியும். வெளிச்சமே எட்டாத இடத்தில் வைத்தால் என்ன ஆகும் என்பதுதான் பஷீருக்குப் பிடித்த பைத்தியம். வைத்துப் பார்த்தான். அங்கேயும் அது தானாக விரிந்தது, தானாகக் கூம்பியது. மஜீதா முதன்முதலாக அதை விரலால் தொட்டுப் பார்த்தபோது மயிர்க்கூச்செறிந்து கையை இழுத்துக்கொண்டாள்.

"வெளியிலேர்ந்து ஏதாவது ரகசியமா இதுக்குச் சொல்லுதான்னு பாக்கணும் மஜீதா" என்றான் அவன். "சுவர் வழியா வர்ற சூடா இருக்கலாம், பாங்குச் சத்தமா இருக்கலாம், நமக்குத் தெரியாத வேற எதுவாவது இருக்கலாம். அப்படி இருந்தா இதோட விடியல் நம்ம விடியலோட ஒட்டியே நிக்கும். இல்லே, இதுக்குள்ளேயே ஒரு பொழுது இருந்தா, கொஞ்சம் கொஞ்சமா நம்மகிட்டேர்ந்து விலகிப் போயிரும்."

"விலகிப் போனா என்ன பண்ணப் போறீங்க?"

"ஒண்ணும் பண்ணப் போறதில்லே. தெரிஞ்சுக்குவேன்."

கல்யாணமான புதிதில் அந்தப் பதிலைக் கேட்டு அவள் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. புதுப்பெண்டாட்டியை விட்டுவிட்டுப் புளியங்கன்றோடு குடித்தனம் நடத்துகிறவனை யாருக்குத்தான் பிடிக்கும்? ராவுத்தர் கேட்டதோ இன்னும் நேரான கேள்வி. "நம்ம கடையில இருக்கிற ஆணிக்குக்கூட ஒரு பிரயோஜனம் இருக்கு. இதுக்கு என்னடா இருக்கு?" பஷீர் சிரித்துக்கொண்டே, "இல்ல அத்தா" என்றான். ஏதாவது ஒரு பொய் சொல்லியிருந்தால் அவர் மறந்திருப்பார். அந்த 'இல்லை'யை அவர் கடைசிவரை மன்னிக்கவில்லை. மூடிக்கிடந்த அறையின் ஈரக்காற்றுதான் மகனைக் கொன்றது என்பது அவர் எண்ணம்.

மகன் மௌத்தான வாரமே அந்த அறையைக் காலி செய்ய ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். அன்றுதான் அந்த விபரீதம் நடந்தது. மகன் சட்டை ஏதாவது கிடைக்குமா என்று அரிக்கேன் விளக்கோடு உள்ளே போன மாமி ஷரபுன்னிசா, ஆளில்லாத அறையில் ஊசி வெள்ளைக் கோடு கிழிப்பதைப் பார்த்து அலறிவிட்டாள்.

"எழுதுறான். என் புள்ளை எழுதுறான். வந்து பாருங்க, அவன் கையெழுத்து மாதிரியே சாய்ஞ்சிருக்கு."

ராவுத்தர் வாசலிலேயே நின்றுவிட்டார். ஆட்கள் தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு பின்வாங்கினார்கள். செத்தவரின் ஆவி, ரூஹு, நாற்பது நாள் வீட்டைச் சுற்றியே நிற்கும் என்று நம்புகிற வீடு. மஜீதாவுக்கு உண்மை தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் அந்த நிமிஷமே தொட்டி முற்றத்தில் உடைந்திருக்கும்.

அரிக்கேன் வெளிச்சம் பட்டதில் அந்தக் கன்றின் பொழுது குழம்பி, அது கேள்விக்கு உதவாமல் கெட்டுப்போயிற்று. பஷீர் விதை போட்டு வைத்திருந்ததில் ஒன்றே ஒன்றுதான் மிச்சம் இருந்தது. ஸ்ரீரங்கத்துக் கொள்ளிடக்கரை மரத்தில் அவனும் அவன் சிநேகிதன் கஸ்தூரிரங்கனும் பொறுக்கிய விதை. அது கன்றானதும், பத்து நாளைக்கு முன்னால், அதைத்தான் மஜீதா நூல் கட்டி உள்ளே கொண்டுவைத்தாள். இருட்டில் ஒரு கன்று பத்துப் பன்னிரண்டு நாளைக்கு மேல் தாங்காது. இதற்குப் பிறகு கன்று கிடையாது.

இந்தக் கடைசிக் கன்று விலகிக்கொண்டிருந்தது.

முதல் நாள் விடிகாலை சுபுஹு தொழுகை நேரத்தில் விரிந்தது. பிறகு தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிந்தியது. முற்பகல் ஆயிற்று. உச்சிப்பொழுது ஆயிற்று. நேற்று சாயங்காலம் அஸர் பாங்குக்குப் பிறகும் கூம்பியே கிடந்து, அப்புறம்தான் மெல்ல விரிந்தது. இன்று மக்ரிபு நேரம் வரும். ஊர் முழுக்க இருட்டிக்கொண்டு வரும்போது இந்த அறைக்குள் மட்டும் விடியும். அதை விரலால் தொட்டுப் பார்க்க வேண்டிய ஆள் பள்ளிவாசல் கபரஸ்தானில் கிடந்தான்.

நடுவில் ஒரு பொட்டு வெளிச்சம் பட்டாலும் கோடு கெட்டுவிடும்.

இன்றைக்கென்று பார்த்துத்தான் நாற்பதாம் நாள் பாத்திஹா.

---

"மஜீதா, மக்ரிபுக்குப் பொறவு ஹஜ்ரத் ஓதி முடிச்சதும் கதவைத் திறந்துரணும்" என்றாள் மாமி. கையில் சாம்பிராணிக் கரண்டியைத் தேய்த்துக்கொண்டே வந்திருந்தாள். "தெருப் பொம்பளைங்க அத்தனை பேரும் வர்றாங்க. ஆளுக்கொரு விளக்கு எடுத்துட்டு வரச் சொல்லியிருக்கேன்."

"எதுக்கு மாமி?"

"இன்னியோட நாப்பது. ரூஹு போயிரும். போறதுக்கு முன்னாடி அவன் எழுதினதை நாலு பேர் பாக்க வேணாமா? நான் சொன்னா பைத்தியம்ங்கிறாளுங்க."

சொல்லும்போது மாமியின் முகத்தில் ஒரு களை இருந்தது. மகன் போன நாளிலிருந்து கஞ்சித்தண்ணீர்கூட இறங்காமல் கிடந்தவள். ஊசி எழுதியதைப் பார்த்த பிறகுதான் எழுந்து உட்கார்ந்தாள், தலை வாரினாள், சோறு தின்றாள். அந்தக் கோடுதான் அவளுக்குச் சோறு போட்டது.

மத்தியானம் ராவுத்தரே வந்தார். வாசற்படிக்கு அந்தப் பக்கம் நின்றபடி தொண்டையைச் செருமினார். மருமகளிடம் அவர் தனியாக வந்து பேசியதே இல்லை.

"நீ படிச்ச பொண்ணு. ஒண்ணு கேக்குறேன், மறைக்காம சொல்லு. அது நெசமாவே அவன் எழுதுறதுதானா?"

மஜீதா தலையைக் குனிந்துகொண்டாள். 'ஆமாம்' என்றால் கன்றுக்கு இந்த வீட்டில் ஆயுசுக்கும் இடம் உண்டு, விளக்கும் சாம்பிராணியுமாக. 'இல்லை' என்றால் கன்று வெளியே போய், அறைக்குள் இரும்புக் கம்பி வந்து இறங்கும்.

"இல்ல மாமா. செடிதான்" என்றாள்.

ராவுத்தர் இருட்டறைக் கதவைப் பார்த்தார்.

"நெனைச்சேன்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "உன் மாமிகிட்ட இதைச் சொல்லிராதே. அவ எழுந்து நடமாடுறதே அதை வச்சுத்தான். இன்னிக்கு ராத்திரி எல்லாரும் பாத்துட்டுப் போகட்டும். நாளைக்குக் காலையில ரூஹு போயிருச்சுன்னு சொல்லி நானே எடுத்துப் போட்டுர்றேன். அவளும் ஒண்ணும் சொல்ல மாட்டா."

"இன்னும் ஒரு நாள் மூடியிருந்தா போதும் மாமா. இன்னிக்கு விரிஞ்சு, திரும்பக் கூம்புற வரைக்கும் போதும்."

"அப்படி இருந்தா என்ன கிடைக்கும்?"

பஷீரின் சிரிப்பு அவளுக்கு ஞாபகம் வந்தது. அவளுக்குச் சிரிக்க வரவில்லை.

"ஒண்ணும் கிடைக்காது மாமா. அவங்க கேட்ட கேள்விக்குப் பதில் கிடைக்கும்."

"கேட்டவனே போயிட்டானேம்மா" என்றார் ராவுத்தர். கோபமே இல்லாமல் அதைச் சொல்லிவிட்டு அவர் போனதுதான் அவளை அழவைத்தது.

அழுது முடித்தபோது ஒன்று மட்டும் அவளுக்குத் தெளிவாக இருந்தது. பொய்யால் காப்பாற்றினால் அது தர்காவாகும். பஷீர் கேட்ட கேள்வி செத்துப்போகும். அவன் ஒருமுறை செத்தது போதும்.

---

அஸர் தொழுகை முடிந்ததும் மாமியைக் கூப்பிட்டாள்.

"மாமி, எல்லாரும் வர்றதுக்கு முன்னாடி நீங்களும் நானும் மட்டும் உள்ளே போய் உக்காருவோம். விளக்கு வேணாம்."

ஷரபுன்னிசா மறுக்கவில்லை. மகனோடு தனியாகக் கொஞ்ச நேரம் என்று நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது. மஜீதா தன் அறைக் கதவை முதலில் அடைத்தாள். பிறகு கம்பளியை நீக்கி, மாமியின் கையைப் பிடித்து உள்ளே இழுத்து, கதவைச் சாத்தித் துணியை அடைத்தாள்.

இருட்டு முகத்தில் ஒட்டியது. ஈரமண் வாசனை. கடிகாரம். மாமியின் கை சில்லிட்டிருந்தது.

"பஷீரு" என்று ஷரபுன்னிசா மெதுவாகக் கூப்பிட்டாள். "அம்மா வந்திருக்கேண்டா."

ஏதோ சரசரத்ததுபோல் இருந்தது. சேலையாகத்தான் இருக்க வேண்டும். மஜீதாவுக்கே ஒரு கணம் உடம்பு தூக்கிப்போட்டது. அவனுடைய தேங்காய் எண்ணெய் வாசனைகூட வந்துவிட்டதுபோல் இருந்தது. இந்த இருட்டில் எதை வேண்டுமானாலும் நம்பலாம். நம்பிவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்றும் ஓர் ஆசை எழுந்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"மாமி, உக்காருங்க. கையைக் குடுங்க."

மாமியின் விரலைப் பிடித்து, நூல் கட்டாத ஓர் இலையின் மேல் வைத்தாள். சின்னஞ்சிறு இதழ்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கூம்பியிருந்தன.

"இது என்னடி?"

"புளியங்கன்னு. அந்த ஊசியை அசைக்கிறது இதுதான் மாமி. இலையில ஒரு நூல் கட்டியிருக்கு. இது விரிஞ்சா ஊசி ஏறும், கூம்பினா எறங்கும். நீங்க பாத்த கோடு இது போட்டதுதான். அவங்க எழுதலை."

மாமி கையை எடுத்துக்கொண்டாள்.

கடிகாரம் அடித்துக்கொண்டிருந்தது. வெளியே அண்டா இறக்குகிற சத்தமும், நெய்ச்சோற்றுக்கு அரிசி களைகிற சத்தமும் சுவருக்கு அப்பால் எங்கோ தூரத்து ஊரில் நடப்பதுபோல் கேட்டன. இருட்டில் மாமியின் முகம் தெரியாததுதான் மஜீதாவுக்குப் பயமாக இருந்தது. மூச்சுச் சத்தம்கூட வரவில்லை.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல" என்றது குரல், வெகுநேரம் கழித்து.

"சொல்லியிருந்தா மாமா எடுத்துப் போட்டிருப்பாங்க. பயந்துட்டேன்."

"இப்பச் சொன்னா மட்டும் போட மாட்டாங்களா? இப்ப எதுக்குச் சொன்னே? நான் பாட்டுக்கு இருந்தேனேடி."

"விளக்கு எடுத்துட்டு வந்துருவீங்கன்னுதான் மாமி. வெளிச்சம் பட்டா இது கெட்டுரும். அவங்க போட்ட கடைசி விதை இது. இதைவிட்டா வேற இல்லே."

ஷரபுன்னிசா அழத் தொடங்கினாள். சத்தமில்லாத அழுகை. தோளைத் தொட்டபோதுதான் மஜீதாவுக்கு அது தெரிந்தது. மாமி தட்டிவிடவில்லை, சாய்ந்துகொள்ளவும் இல்லை. எழுந்து போகவும் இல்லை. எங்கே போவாள்? வெளியே நாற்பதாம் நாள் முடியக் காத்துக்கொண்டிருந்தது.

அப்படியே எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தார்களோ. அங்கே இரண்டு பேர் மட்டும்தான் இருப்பதாக ஒரு கணம்கூடத் தோன்றவில்லை. மண்தொட்டிப் பக்கம் மூன்றாவதாக ஒன்று விழித்துக்கொள்ளப் போகிறது என்று மஜீதாவின் பிடரி சொல்லிக்கொண்டே இருந்தது.

பள்ளிவாசலிலிருந்து மக்ரிபு பாங்கு கேட்டது. இருவரும் முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டார்கள்.

பாங்கு ஓய்ந்ததும் மஜீதா கையை நீட்டி இலையைத் தேடினாள். விரல் பட்டதும் அப்படியே நின்றாள். பிறகு மாமியின் கையை மறுபடி பிடித்தாள்.

"தொட்டுப் பாருங்க. அமுக்காம."

கொஞ்ச நேரத்துக்கு முன்னால் ஒட்டிக் கிடந்த இதழ்கள் இரண்டு பக்கமும் விலகியிருந்தன. மாமியின் விரல் ஒரு பக்கத்தைத் தடவி, மறு பக்கத்தைத் தடவி, நடுக்காம்பில் வந்து நின்றது.

"நீதானே பிரிச்சே?"

"அல்லாஹ் மேல ஆணை, நான் தொடவே இல்லை மாமி."

"துஆ கேக்குற கை மாதிரி விரிஞ்சிருக்குடி." மாமியின் குரல் மாறியிருந்தது. "ஊரே இருட்டிருச்சு. இந்த அறையில பொட்டு வெளிச்சம் கிடையாது. விடிஞ்சிருச்சுன்னு இதுக்கு யாரு சொன்னா?"

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்த வீட்டில் எல்லோரும் இதனால் என்ன பிரயோஜனம் என்றுதான் கேட்டிருக்கிறார்கள். அவளும் அதைத்தான் கேட்டாள். அவன் கேட்டதை அவன் உயிரோடு இருந்தவரை ஒருத்தர்கூடக் கேட்கவில்லை.

"தெரியலை மாமி. அவங்களுக்கும் தெரியலை. இதைத்தான் கேட்டுக்கிட்டிருந்தாங்க."

ஷரபுன்னிசா இலையிலிருந்து கையை எடுக்கவில்லை.

"இதுக்காகத்தானா அந்தப் புள்ளை ராப்பகலா இங்கே கிடந்துச்சு" என்றாள். "நான் ஒரு நாளும் கேக்கலையேடி. சாப்பிட வாடான்னுதான் கூப்பிட்டேன்."

அப்போது முன்னறையில் காலடி கேட்டது. கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு கனத்த மூச்சு வந்து நின்றது.

"ஷரபு" என்றார் ராவுத்தர். அவர் குரல் வழக்கம்போல் இல்லை. "அந்த ஸ்ரீரங்கத்துப் பையன் கஸ்தூரிரங்கன் வந்திருக்கான். இதே மாதிரி ஒரு கன்னு அவன் வீட்லயும் இருட்டுல வச்சிருக்கானாம். ஒரே மரத்து விதையாம். அது இன்னிக்கு மத்தியானமே முழிச்சிருச்சாம். இங்கே உள்ளது மத்தியானம் வரைக்கும் விரியலேன்னு நான் சொன்னதைக் கேட்டுட்டுப் பேயறைஞ்ச மாதிரி நிக்கிறான்."

மஜீதாவின் கை வாயைப் பொத்திக்கொண்டது. ஒரே மரம், ஒரே ஊர் வெயில். அந்தக் கரையில் ஒரு பொழுது, இந்தக் கரையில் ஒரு பொழுது. வெளியிலிருந்து யாரும் இவற்றுக்குச் சொல்லவில்லை. ஒவ்வொன்றும் தனக்குள்ளேயே தனியாக ஒரு பகலை வைத்துக்கொண்டிருக்கிறது. பஷீர் இதைக் கேட்டிருந்தால் அவளைத் தூக்கிச் சுற்றியிருப்பான். அந்த நினைப்பு கத்திபோல் இறங்கியது. ஆனால் கோடு இன்னும் முடியவில்லை, கூம்ப வேண்டும்.

"அப்படி என்னதான் அதுக்குள்ள இருக்குன்னு நானும் ஒரு தடவை பாத்துர்றேன்" என்றார் ராவுத்தர். "விளக்கு கொண்டாந்திருக்கேன். திற."

எத்தனையோ வருஷம் எட்டிப் பார்க்காதவருக்கு இன்றைக்குத்தான் பார்க்கத் தோன்றியது. தாழ்ப்பாளில் கை பட்ட சத்தம் கேட்டது. மாமி என்ன சொல்லப் போகிறாள் என்று அவளுக்குத் தெரியவில்லை. ரூஹும் இல்லை, எழுத்தும் இல்லை என்று ஆன பிறகு, இந்தக் கதவை மூடிவைக்க மாமிக்கு ஒரு காரணமும் மிச்சமில்லை.

ஷரபுன்னிசா எழுந்தாள். இருட்டில் தடவித் தடவிப் போய்க் கதவில் முதுகைக் கொடுத்து நின்றாள்.

"விளக்கை வெளியே வச்சுட்டு வெறுங்கையோட வாங்க" என்றாள். "உங்களுக்குத்தான் மக்ரிபு. இங்கே இப்பத்தான் சுபுஹு."

கதவின் அடியில், துணி நகர்ந்த இடத்தில், நூல் அளவுக்கு ஒரு வெளிச்சக் கோடு விழுந்திருந்தது. அது பின்வாங்கவில்லை, முன்னாலும் வரவில்லை. மஜீதா மண்தொட்டியின் மேல் கவிழ்ந்து, இரண்டு கையாலும் சேலையை விரித்து, கன்றை மூடிக்கொண்டாள்.